கேரவன் கழண்டுச்சு, கேபிள் மட்டும் முழுசா இருந்துச்சு: ஒரு ஹிட்ச் கேஸ்

முதல்ல நடந்ததை சொல்லிடறேன், காரணத்துக்கு அப்புறம் போவோம். இங்கிலாந்துல எம்5 மோட்டார்வேயில டெவன் பக்கம் காருக்கு பின்னாடி கேரவனை (தங்கற வசதி உள்ள டிரெய்லர்) மாட்டிட்டு போயிட்டிருந்த, எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம், நடுவுல டீக்கு ஒரு சர்வீஸ் ஸ்டேஷன்ல நிறுத்திட்டு திரும்ப கெளம்பறாங்க, வெளிய போற வழியில ஒரு ஸ்பீட் பிரேக்கர், காரோட பின் வீல் அதை தாண்டி கீழ இறங்கின அந்த நொடியில டோ பால், அதாவது கார் பின்னாடி கேரவனை மாட்டுற இரும்பு உருண்டை, கீழ போயிடுச்சு, கேரவனோட மூக்கு கூடவே இறங்கல, மூக்குல உருண்டையை கவ்விப் புடிக்கற கப்ளிங் ஹெட் உருண்டையை விட்டு கழண்டு வந்துடுச்சு. மூக்கு தொப்புன்னு தார்ல விழுந்து கொஞ்ச தூரம் தேய்ச்சுக்கிட்டே வந்து, பின்னாடி கேரவன் வீல் அதே ஸ்பீட் பிரேக்கர்ல முட்டி கோணலா நின்னுடுச்சு. கழட்டி விட்ட மேடே புடிச்சும் நிறுத்துச்சு, அதான் வேடிக்கை. ஆள் ஓடற வேகத்தை விட கொஞ்சம் தான் கூட இருந்திருக்கும், யாருக்கும் ஒரு கீறல் இல்ல. இதே ஒரு கால் மணி நேரம் கழிச்சு மோட்டார்வேயில நடந்திருந்தா இந்த பதிவை வேற மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

சேதம்னு பார்த்தா ஜாக்கி வீல் (கழட்டி நிறுத்தறப்போ மூக்கை தாங்கற, சுத்தி ஏத்தி இறக்கற குட்டி வீல்) வளைஞ்சு போச்சு, முன் பேனல்ல கீழ ஒரு விரிசல், காரோட பம்பர்ல ஒரு பள்ளம், கேரவன் லைட்டுக்கு கரண்ட் குடுக்கற 13 பின் சாக்கெட் தகட்டோட பிஞ்சு ஒயர் எல்லாம் வெளிய தொங்குது. இன்சூரன்ஸ்காரங்க என்ன நடந்துச்சுன்னு எழுத்துல கேட்டாங்க, வண்டிக்கார அண்ணன் என்னை கூப்பிட்டாரு, நானும் ஊர் சுத்த கேரவன் இழுக்கறவன் தான், சரி வாங்க பார்ப்போம்னு போனேன். இன்சூரன்ஸுக்கு ஒரு பக்கம் போதும், ஆனா தோண்டத் தோண்ட வந்த விஷயத்தை பார்த்ததும் முழுசா எழுதி வெச்சா நாலு பேருக்கு உதவும்னு தோணுச்சு, அது தான் இது.

வண்டி விவரம்: டீசல் எஸ்யூவி, கழட்டி மாட்டுற டோபார் (கேரவனை இழுக்க காருக்கு பின்னாடி பொருத்தற இரும்பு), அதாவது வேணாம்னா உருண்டையோட கழுத்தை கழட்டி டிக்கியில போட்டுக்கலாம். கேரவன் செகண்ட் ஹேண்ட், ஒரே ஆக்சில், லோடோட 1340 கிலோ வரும், முன்னாடி ஆல்-கோ ஏகேஎஸ் 3004 ஸ்டெபிலைசர் ஹெட். இங்க ஓடற நிறைய கேரவன்ல இந்த மாதிரி ஹெட்டை தான் பார்ப்பீங்க, 50 மிமீ உருண்டை மேல உட்காரும், உள்ள இருக்கற ஃபிரிக்ஷன் பேட் உருண்டையை இறுக்கி புடிச்சு கேரவன் வாலாட்டாம பார்த்துக்கும்.

எனக்கு முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணு தான். "அண்ணே, கழண்டு நின்னப்போ கேரவனோட ஹேண்ட்பிரேக் மேல இருந்துச்சா கீழ இருந்துச்சா?"

"கீழ தான் தம்பி. நான் தான் எறங்கி ஓடிப்போய் இழுத்து விட்டேன்."

"பிரேக்அவே கேபிள்?"

"அது நல்லா தான் இருக்கு, ஒண்ணும் ஆகல."

இந்த கடைசி பதில்ல தான் மொத்த கேஸும் இருக்கு. அந்த கேபிள் நல்லா இருக்கக்கூடாது. அது அறுந்திருந்தா தான் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். கழண்ட கேரவன்ல கேபிள் முழுசா இருக்குன்னா அது தன் வேலையை செய்யவே இல்ல.

ஏன்னு புரிய இங்க கேரவன் பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல பெரிய கேரவனுக்கு எலக்ட்ரிக் பிரேக், கார்ல இருந்து ஒயர் வழியா கண்ட்ரோல். இங்கிலாந்து, ஐரோப்பா கேரவன்ல ஓவர்ரன் பிரேக், அதாவது கார் பிரேக் போட்டா கேரவன் தன் எடையால முன்னாடி தள்ளும், அந்த தள்ளல்ல ஹெட்டுக்கு பின்னாடி இருக்கற ஷாஃப்ட் உள்ள போகும், அது ஒரு ராடை இழுத்து வீல் பிரேக்கை புடிக்க வைக்கும். முழுக்க மெக்கானிக்கல். இதுல ஒரு சங்கடம் இருக்கு, கேரவன் கழண்டுட்டா தள்ளறதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அப்போ பிரேக்கும் இல்ல. மிச்சம் இருக்கறது ஹேண்ட்பிரேக் மட்டும் தான், அதை யாரு இழுக்கறது? அதுக்குத்தான் அந்த மெல்லிசு பிரேக்அவே கேபிள். ஒரு முனை ஹேண்ட்பிரேக் லீவர்ல, இன்னொரு முனை கார்ல. கழண்டு விலகும்போது கேபிள் விறைச்சு லீவரை இழுக்கும், லீவர் ஒரு கட்டத்தை தாண்டினதும் ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்ட்ரட்டோ மிச்சத்தை தானே இழுத்து பிரேக்கை முழுசா போட்டுடும், அப்புறமும் கார் போயிட்டே இருக்கும்ல, அப்போ கேபிள் அறுந்து காரை விட்டுடணும். விடலைன்னா 1300 கிலோ பெட்டி ஒரு மெல்லிசு கம்பியில காருக்கு பின்னாடி இடமும் வலமும் அலைஞ்சுக்கிட்டு வரும். அதனால இழுக்கற அளவுக்கு பலமும் வேணும், அப்புறம் அறுந்து போற அளவுக்கு பலவீனமும் வேணும், அந்த கணக்குல தான் அதை செய்யறாங்க. சிலர் நல்லதுன்னு நினைச்சு கடையில கெட்டியான ஸ்டீல் ஒயர் வாங்கி மாட்டுறாங்க, அது நல்லதே இல்ல.

750 கிலோவுக்கு கீழ பிரேக்கே இல்லாத குட்டி டிரெய்லருக்கு கதை வேற, அங்க செயின் மாதிரி ஒரு ரெண்டாவது பிடிப்பு வேணும், அது அறுந்து போகவே கூடாது, மூக்கு தரையில இடிக்காம தாங்கணும். ஆஸ்திரேலியாவுல பெரிய கேரவனுக்கு ரெண்டுமே கேப்பாங்க, செயினும் அதை கார்ல மாட்டற ஷாக்கிளும் (கெட்டியான இரும்பு கொக்கி) இருக்கணும், 2000 கிலோவுக்கு மேல போனா தானா பிரேக் போட்டு 15 நிமிஷமாவது புடிச்சு வெச்சிருக்கற பிரேக்அவே சிஸ்டமும் இருக்கணும். அமெரிக்காவுல செயின் ரெண்டையும் மூக்குக்கு அடியில குறுக்கா போட்டு மாட்ட சொல்லுவாங்க, கழண்டா மூக்கு அந்த குறுக்கு செயின் மேல விழட்டும்னு. யூடியூப்ல அமெரிக்கா வீடியோவை பார்த்துட்டு இங்க வந்து அதே மாதிரி செய்யறவங்களும் அதுக்கு நேர் மாறா செய்யறவங்களும் இருக்கறதால இதை சொல்லி வெக்கறேன். ஒரு நாட்டு வழக்கம் இன்னொரு நாட்டு வண்டிக்கு பொருந்தாது.

சரி, நம்ம கேஸ்ல கேபிள் ஏன் இழுக்கல?

இதுக்கு பதில் கிடைச்ச இடம் தான் எதிர்பாராதது. அவரோட பொண்ணு காலையில கெளம்பும்போது கேரவன் முன்னாடி நின்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு படம் எடுத்திருக்கா, இன்னும் விடியாத நேரம், ஃபிளாஷ் போட்டு எடுத்தது, முகத்துக்கு பின்னாடி ஹிட்ச் முழுசா தெரியுது. அந்த ஒரு படத்தை பெருசாக்கி பார்த்ததுல மூணு விஷயம் கிடைச்சுது. பிரேக்அவே கேபிளை உருண்டையோட கழுத்துல ஒரு பெரிய வளையமா சும்மா போட்டு வெச்சிருக்காங்க. 13 பின் கேபிள் அந்த பிரேக்அவே கேபிள் மேலயே ரெண்டு மூணு சுத்து சுத்தியிருக்கு. அப்புறம் ஹெட்டோட கைப்பிடி முழுசா கீழ படியல, ஒரு விரல் அளவுக்கு இடைவெளி.

ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன், முதல்ல அந்த வளையம். வளையம் உருண்டையை விட பெருசு. ஹெட் கழண்டு பின்னாடி போனப்போ கேபிள் விறைச்சு லீவரை இழுக்கறதுக்கு முன்னாடியே வளையம் கழுத்துல ஏறி உருண்டை மேல வழுக்கி வெளிய வந்துடுச்சு. கிளிப்புல ஒரு நெளிவு கூட இல்ல, அதுவே சாட்சி, அதுல லோடே விழல. ஒரு சுத்து இறுக்கமா கழுத்துல சுத்தி கிளிப்பை கேபிள்லயே திருப்பி மாட்டியிருந்தா ஒருவேளை புடிச்சிருக்கும். ஆனா இது கழட்டி மாட்டுற கழுத்து, அந்த கழுத்தே ஒரு நாள் சரியா பூட்டாம கழண்டு வந்துச்சுன்னா அதுல கட்டின கேபிளும் கூடவே வந்துடும், அப்போ அதுக்கு என்ன அர்த்தம்? அதனால தான் கழட்டி மாட்டுற டோபார்னா கேபிளை கார்ல நிரந்தரமா இருக்கற பாகத்துல, பம்பருக்கு அடியில குறுக்கா ஓடற இரும்புல ஒரு வளையம் இருந்தா அதுல மாட்டணும்னு சொல்றது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து பக்கம் போனா இதுல விளையாட்டே கிடையாது, உருண்டையில வளையமா போட்டிருந்தா ஃபைன் எழுதிடுவாங்க. அண்ணன் அடுத்த வருஷம் ஃபெர்ரியில ஆம்ஸ்டர்டாம் போற பிளான்ல வேற இருந்தாரு.

கிளிப் பத்தியும் ஒரு வார்த்தை. ரெண்டு வகை வருது. ஒண்ணு நாய் கயித்துல இருக்கற மாதிரி மெல்லிசு ஸ்பிரிங் கிளிப், அதை வளையத்துல நேரா மாட்டக்கூடாது, கேபிளை வளையத்துக்குள்ள விட்டு எடுத்து கிளிப்பை கேபிள்லயே திருப்பி மாட்டணும், நேரா மாட்டினா இழுக்கற வேகத்துல லீவர் எழும்பறதுக்கு முன்னாடி கிளிப் விரிஞ்சுடும். இன்னொண்ணு மலை ஏறறவங்க வெச்சிருக்கற மாதிரி கெட்டியான காரபைனர், அதை நேராவே மாட்டலாம். அண்ணன்கிட்ட இருந்தது முதல் வகை.

அப்போ ஏன் அவ்வளவு தொளதொளன்னு போட்டாரு, கவனக்குறைவா? இல்ல, அது தான் இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்ட இடம். முந்தின டிரிப்ல ஒரு ரவுண்டபௌட்ல நல்லா வளைச்சு திரும்பறப்போ கேபிள் விறைச்சு ஹேண்ட்பிரேக் பாதி ஏறிடுச்சாம், அது தெரியாம கொஞ்ச தூரம் ஓட்டி வீல் பக்கம் பொசுங்கின வாடை வந்துருக்கு. அதுல பயந்து போய் அடுத்த தடவை கேபிளை தாராளமா விட்டுட்டாரு. மனுஷனுக்கு வர்ற நியாயமான யோசனை தான். ஆனா அன்னிக்கு அது விறைச்சதுக்கு காரணம் கேபிள் நீளம் இல்ல, கேபிள் போன வழி. ஹெட்டுக்கு அடியில கேபிளை விட்டு எடுக்க ஒரு சின்ன கைடு இருக்கும், அதுக்குள்ள போனா கேபிள் வண்டியோட நடுவுல நேரா போகும், எந்த பக்கம் திரும்பினாலும் நீளத்துல பெருசா வித்தியாசம் வராது. இவரோட கேபிள் கைடுக்கு வெளிய, இடது பக்கமா தொங்கிட்டு இருந்திருக்கு, வலது பக்கம் திரும்பறப்போ அது தான் வெளிவட்டம், விறைச்சுடுச்சு. வழியை சரி பண்ணாம நீளத்தை கூட்டினதுல ஒரு தொல்லை போய் அதை விட பெரிய தொல்லை வந்து உட்கார்ந்துடுச்சு.

13 பின் கேபிள் கதையும் கிட்டத்தட்ட இதே தான். அது முன்னாடி தரையில உரசியிருக்கு, கேபிளோட கறுப்பு உறை ஒரு இடத்துல தேஞ்சு உள்ள கலர் கலரா ஒயர் தெரியற அளவுக்கு. உரசாம இருக்க அவர் பிரேக்அவே கேபிள் மேல சுத்தி விட்டுட்டாரு, பார்க்க நீட்டா இருந்துச்சுன்னாரு. பார்க்க நீட்டு தான், ஆனா ரெண்டு கேபிளுக்கும் வேலை வேற வேற. ஒண்ணு கழண்டா இழுக்கணும், இன்னொண்ணு அந்த இழுப்புக்கு குறுக்க வராம இருக்கணும். சாக்கெட் இருக்கறது உருண்டைக்கு ஒரு பக்கமா, அதே உயரத்துல. சுத்தின கேபிள் அந்த வளையத்தை எப்பவுமே கொஞ்சம் மேல தூக்கி புடிச்சிருந்திருக்கு, கழண்ட நேரத்துல அது வழுக்கி வர்றதுக்கு இன்னும் வசதி. 13 பின் பிளக்கோ திருகி பூட்டுற வகை, சும்மா இழுத்தா வராது, அதனால அது கொஞ்ச நேரம் கேரவனை புடிச்சு பார்த்துட்டு தகட்டோட பிஞ்சுடுச்சு. இழுக்க வேண்டிய கேபிள் சும்மா வழுக்கிட்டு போக, எடையே தாங்கக்கூடாத கேபிள் எடையை தாங்கி செத்துச்சு.

தேஞ்ச இடத்தை பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இது கழண்டு விழாத வண்டியிலயும் தினம் நடக்கறது. அந்த கேபிள்ல 13 ஒயர். ஒண்ணாவது மஞ்சள், இடது இண்டிகேட்டர், நாலாவது பச்சை, வலது இண்டிகேட்டர், ஆறாவது சிவப்பு, பிரேக் லைட், அஞ்சாவதும் ஏழாவதும் டெய்ல் லைட். மூணாவது வெள்ளை, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எல்லாத்துக்கும் அது தான் எர்த். அந்த வெள்ளை ஒயர் தேஞ்சு பாதி அறுந்தா லைட் அணையாது, அதுக்கு பதிலா விசித்திரமா நடந்துக்கும், இண்டிகேட்டர் போட்டா டெய்ல் லைட்டும் சேர்ந்து மினுக்கும், பிரேக் போட்டா எல்லாமே மங்கலா எரியும், கரண்ட் திரும்பி போக வழி தேடி மத்த பல்பு வழியா போறதால. பின்னாடி வர்றவனுக்கு நீங்க திரும்பறீங்களா நிக்கறீங்களான்னே புரியாது. ஒன்பதாவது நிரந்தர 12 வோல்ட், ஆல்-கோவோட ஏடிசி மாதிரி வாலாட்டத்தை நிறுத்தற எலக்ட்ரானிக் சாதனம் இருந்தா அதுக்கு கரண்ட் அதுல தான் வருது, அந்த ஒயர் போச்சுன்னா அந்த பாதுகாப்பும் போச்சு. ஏடிசி இருக்கறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி முன்பக்கம் பச்சை எல்இடி எரியுதான்னு பார்த்துக்கோங்க.

இப்போ கழண்டதுக்கே வருவோம், ஏன்னா கேபிள் எல்லாம் கழண்ட அப்புறம் தான். கைப்பிடி ஏன் முழுசா படியல? ஹெட்டை திறந்து பார்த்தா உள்ள பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து கெட்டியா அப்பியிருக்கு. வின்டர் முழுக்க ஸ்டோரேஜ்ல நின்ன வண்டி. இதுல இன்னொரு தப்பும் சேர்ந்துருக்கு, முந்தின ஓனரோ யாரோ உருண்டைக்கு கிரீஸ் போடணும்னு நினைச்சு போட்டிருக்காங்க. சாதா ஹெட்டுக்கு கிரீஸ் சரி. ஸ்டெபிலைசர் ஹெட்டுக்கு கூடவே கூடாது, அது உராய்வுல தான் வேலை செய்யுது, உருண்டை காய்ஞ்சு பளபளன்னு இருக்கணும், புது உருண்டைன்னா பெயிண்டை கூட சுரண்டி எடுத்துட்டு தான் மாட்டணும். உருண்டையை வெர்னியர் வெச்சு மூணு இடத்துல அளந்து பார்த்தோம், 49.6 மிமீ, 49க்கு கீழ போனா தான் மாத்தணும், அதனால உருண்டை மேல குத்தம் இல்ல. அழுக்கு தான் ஹெட்டை முழுசா உட்கார விடல.

உட்காரலைன்னு சொல்றதுக்கு ஹெட்லயே ஒரு பட்டன் இருக்கு, சரியா புடிச்சா மேல எழும்பி பச்சை தெரியும். பொண்ணு எடுத்த படத்துல பச்சை இல்ல. இருட்டுல யாரும் குனிஞ்சு பார்க்கல, கைப்பிடி கீழ வந்துச்சு, டக்குனு சத்தம் கேட்டுச்சு, போதும்னு விட்டுட்டாங்க. சத்தத்தை நம்பறது தான் நிறைய பேர் செய்யறது. எனக்கு பட்டனை விடவும் நம்பிக்கையான சோதனை ஒண்ணு இருக்கு, காசு இல்ல, அரை நிமிஷம் கூட ஆகாது: மாட்டின அப்புறம் ஜாக்கி வீலை திரும்ப கீழ இறக்கி சுத்தணும், மூக்கு மேல எழும்பும், கூடவே காரோட பின்பக்கமும் எழும்பணும். கார் எழும்பாம ஹெட் மட்டும் தனியா எழும்பி வந்துச்சுன்னா மாட்டவே இல்லைன்னு அர்த்தம். கண்ணு, காது, பட்டன் எல்லாம் பொய் சொல்லலாம், ரெண்டு வண்டியோட எடை பொய் சொல்லாது. அது முடிஞ்சு தான் ஜாக்கி வீலை முழுசா மேல ஏத்தி கிளாம்ப்பை இறுக்கணும்.

அப்படியும் ஒரு சந்தேகம் எனக்கு பாக்கி இருந்துச்சு. அரைகுறையா உட்கார்ந்த ஹெட் மோட்டார்வேயில அவ்வளவு தூரம் தாங்கி வந்துட்டு ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல ஏன் விட்டுச்சு? பதில் நோஸ் வெயிட்ல, அதாவது மூக்கு உருண்டை மேல அமுக்கற எடையில கிடைச்சுது. அதே சாமான், அதே இடத்துல வெச்சு கேஜ்ல அளந்தோம், 40 கிலோ தான் காட்டுச்சு. பொதுவா லோடோட எடையில 5 முதல் 7 சதவீதம் மூக்குல இருக்கணும்பாங்க, 1340 கிலோவுக்கு அது 67ல இருந்து 94 வரைக்கும். இந்த காரோட டோபார் லிமிட் 90. அப்போ 40 ரொம்ப கம்மி. கேரவன் பின்னாடி ராக்ல ரெண்டு சைக்கிள், பின் கட்டிலுக்கு அடியில ஆனிங் டென்ட் (கேரவனை ஒட்டி கட்டற கூடாரம்), அவ்வளவு தான் விஷயம். மூக்குல எடை இருந்தா நேர் ரோட்ல அரைகுறையா உட்கார்ந்த ஹெட்டை கூட அந்த எடையே உருண்டை மேல அமுக்கி வெக்கும். மேட்டுல கார் சடார்னு இறங்கறப்போ மூக்கு கூடவே விழணும்னா அதுக்கு எடை வேணும், பின்னாடி கனம் இருந்தா மூக்கு சோம்பேறித்தனமா மெதுவா தான் இறங்கும், அந்த இடைவெளியில உருண்டை நழுவிடும். சைக்கிளை கார் மேல ஏத்தி, ஆனிங்கை ஆக்சிலுக்கு கொஞ்சம் முன்னாடி தரையில வெச்சு திரும்ப அளந்தா 80 வந்துச்சு. பின்பாரம் வேகத்துல வாலாட்டத்துக்கும் காரணம்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

அண்ணன் மேல மட்டும் பழி போடவும் எனக்கு மனசு வரல. டோபார் மாட்டிக் கொடுத்த கடை வளையம் எங்கன்னே காட்டல, கேரவன் வித்தவங்க சாவியையும் கேஸ் சிலிண்டரையும் பத்தி அரை மணி நேரம் பேசிட்டு ஹிட்ச்சை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருக்காங்க. சட்டமும் அப்படித்தான், 1997க்கு அப்புறம் கார் லைசென்ஸ் எடுத்தவங்க பெரிய டிரெய்லர் இழுக்க முன்னாடி தனியா ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணணும், 2021 டிசம்பர் 16ல இருந்து அது போயிடுச்சு, 3500 கிலோ வரைக்கும் யார் வேணா மாட்டிட்டு கெளம்பலாம். அந்த டெஸ்ட்ல மாட்டி கழட்டி காட்டறது ஒரு பாகமா இருந்துச்சு. டெஸ்ட் போனது வசதி தான், எனக்கும் வசதி தான், ஆனா அந்த பாடத்தை இப்போ யார் சொல்லித் தர்றான்னு பார்த்தா யாரும் இல்ல.

இது சும்மா பேனல் விரிசலோட போற விஷயம் இல்லைங்கறதுக்கு பிரிஸ்டல்ல நடந்தது ஒண்ணு போதும். 2014 ஜனவரியில பெட்மின்ஸ்டர் பகுதியில ஒரு லேண்ட் ரோவர் இழுத்துட்டு வந்த 2 டன் டிரெய்லர் கழண்டு நடைபாதையில ஏறி, அம்மாவோட நடந்து போயிட்டிருந்த 3 வயசு பையன் மேல மோதி பையன் இறந்துட்டான். அவன் அப்பா அம்மா விடாம போராடினாங்க, அந்த தொகுதி எம்பி பார்லிமென்ட்ல பேசினாங்க, 2018ல வந்த டிரெய்லர் ரெஜிஸ்ட்ரேஷன் சட்டத்துல டிரெய்லர் பாதுகாப்பு பத்தி அரசாங்கம் அறிக்கை தரணும்னு ஒரு பிரிவு சேர்ந்துச்சு. அந்த பையன் பேர்ல இன்னிக்கும் இலவச டிரெய்லர் செக்கப் நடத்தறாங்க, எங்கயாவது கண்ணுல பட்டா ஓரமா நிறுத்தி காட்டிட்டு போங்க, ஃபைன் போட மாட்டாங்க.

இனி நாங்க அண்ணன் வண்டியில என்ன மாத்தினோம்ங்கறது. ஹெட்டை கழட்டாமலே பிரேக் கிளீனர் அடிச்சு கிரீஸ் முழுக்க எடுத்தோம், உருண்டையை நைஸான சேண்ட்பேப்பர் போட்டு தேய்ச்சோம். கிரீஸ் ஊறின ஃபிரிக்ஷன் பேடை தேய்ச்சு காப்பாத்தலாம்னு அண்ணன் ஆசைப்பட்டாரு, எண்ணெய் உள்ள இறங்கினா அது போனது தான், புது செட் போட்டாச்சு. ஸ்டோரேஜ் யார்டுக்கு வந்த மொபைல் மெக்கானிக் ஒருத்தர் ஷாஃப்ட்டை இழுத்து அமுக்கி பார்த்துட்டு வளைவு இல்லைன்னு சொன்ன அப்புறம் தான் எனக்கு நிம்மதி, மூக்கு தார்ல விழுந்த வண்டியில அதை பார்க்காம ஓட்டக்கூடாது.

பிரேக்அவே கேபிளை புதுசா மாத்தினோம், காரபைனர் வகை, பத்து பதினஞ்சு பவுண்டுக்குள்ள தான். பழசு முழுசா தானே இருக்குன்னு வெச்சுக்கிட்டு இருக்க வேணாம், ஒரு தடவை இழுபட்டுச்சோன்னு சந்தேகம் வந்தாலே மாத்திடறது உத்தமம். பம்பருக்கு அடியில டார்ச் அடிச்சு பார்த்தா வளையம் இருந்துச்சு! டோபாரோடவே வந்தது, குறுக்கு இரும்புல, கறுப்பு பெயிண்டுக்குள்ள மறைஞ்சு. இல்லாத வண்டிக்கு தனியா பிராக்கெட் விக்கறாங்க, ஆனா கழட்டி மாட்டுற டோபார்னா அந்த டோபாருக்குன்னு உள்ளதை அந்த கம்பெனிகிட்ட கேட்டு வாங்குங்க, பிளாஸ்டிக் கேபிள் டையில ஒரு வளையத்தை கட்டி வைக்கற வேலை வேணாம், நான் பார்த்திருக்கேன்.

மாட்டற வரிசை இப்போ அவர் பழகினது இப்படி: ஹெட்டை உட்கார வெச்சு, ஜாக்கி வீலால காரை தூக்கி பார்த்து, பச்சை பட்டனை பார்த்து, ஸ்டெபிலைசர் கைப்பிடியை அமுக்கி, அப்புறம் பிரேக்அவே கேபிளை கைடு வழியா விட்டு வளையத்துல மாட்டி, கடைசியா பிளக். நிறைய பேர் பிளக்கை முதல்ல குத்திட்டு லைட் எரியுதான்னு பார்க்க போயிடுவாங்க, லைட் எரிஞ்சதும் எல்லாம் முடிஞ்ச மாதிரி ஒரு எண்ணம் வந்துடும். வரிசை மாறினா உலகம் அழியாது, ஆனா உயிர் காக்கறதை முதல்ல முடிச்சுட்டா மறக்கறதுக்கு வெளிச்சம் மட்டும் தான் மிச்சம் இருக்கும்.

நீளம் எவ்வளவுங்கறதுக்கு டேப் வெச்சு ஒரு நம்பர் சொல்ல முடியாது, வண்டிக்கு வண்டி மாறும். நாங்க செஞ்சது இது தான்: காலி கார்பார்க்ல கேரவனை மாட்டி, அண்ணன் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வலது பக்கம் நடக்கற வேகத்துல ஒரு சுத்து, இடது பக்கம் ஒரு சுத்து, நான் பக்கத்துலயே நடந்து பார்த்தேன். பிரேக்அவே கேபிள் நேரா நிக்கறப்போ ஒரு சாண் தொங்கல், முழு திருப்பத்துல கூட விறைக்கல, லீவர் அசையல, தரையையும் தொடல. பிளக் கேபிள் அதை விட கொஞ்சம் அதிகமா தொங்கல் இருக்கணும்ங்கறது என் கருத்து, அப்போ தான் கழண்டா பிரேக் முதல்ல போட்டு, பிளக் அப்புறம் பிடுங்கப்படும். தரையில உரசாம இருக்க நடுவுல ஒரு வெல்க்ரோ பட்டையால ஏ-ஃபிரேம் (கேரவன் மூக்குல இருக்கற முக்கோண சட்டம்) கவர் பக்கம் தூக்கி கட்டியாச்சு, கேரவன் பக்கமே கட்டணும், கார் பக்கமோ பிரேக்அவே மேலயோ இல்ல. கேபிளை முறுக்கி முறுக்கி சுருக்கறதும் வேணாம், வெளிய உறை நல்லா தெரியும், உள்ள செம்பு நூல் நூலா ஒடிஞ்சுட்டு இருக்கும்.

பிரேக்அவே நிஜமா இழுக்குதான்னு பார்க்க கேரவனை சமதரையில கழட்டி வெச்சு, வீலுக்கு கட்டை குடுத்து, கேபிளை கையால கார் இருக்கற திசையில நேரா இழுத்தோம், லீவர் எழும்பி ஒரு கட்டத்துக்கு மேல தானே போய் டங்குனு நின்னுச்சு, வீல் இறுகிடுச்சு. அந்த சத்தம் கேட்டப்போ தான் அண்ணி, "இது அன்னிக்கே அடிச்சிருக்க வேண்டிய சத்தம்ல"ன்னாங்க. கையால மட்டும் இழுங்க, காரை வெச்சு இழுத்து பார்க்கற வீர தீரம் எல்லாம் வேணாம்.

இன்சூரன்ஸ் ஒரு வழியா பேனலுக்கும் பம்பருக்கும் ஒத்துக்கிட்டாங்க, ஹிட்ச் படம் கேட்டாங்க, பொண்ணு எடுத்ததையே அனுப்பியாச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல. 13 பின் சாக்கெட் தான் இழுத்தடிச்சுது, ஒயர் பிஞ்சப்போ ஷார்ட் ஆகி கார்ல ஒரு ஃபியூஸ் போயிருக்கு, கேரவன் லைட்டை கண்ட்ரோல் பண்ற கார்ல உள்ள டிரெய்லர் மாட்யூலும் சரியா பேசல, சாக்கெட் மாத்தின அப்புறமும் கேரவன் மாட்டினதை கார் கண்டுபிடிக்கல. மாட்யூலை திரும்ப கோடிங் பண்ண அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட், அது வரைக்கும் கேரவன் யார்டுலயே நிக்குது.